மாதவிடாயும் பள்ளிக்கூடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவிகளிடம் மாதவிடாய் சுகாதாரம் பற்றிப் பேசுவதற்காகப் பள்ளிகளுக்குச் சென்றுவரும் சிறிய தன்னார்வக் குழு நாங்கள். புதிதாகச் சேருகிறவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள், பணம் தர முன்வருகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டோம்.

நாப்கின் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. எங்களுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. அட்டைப்பெட்டிகளை இறக்கி, ஆளுக்கு ஒரு பாக்கெட் கொடுத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மூன்று மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போனபோது ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, அதை எதில் ஒட்டுவது?" அவளிடம் நல்ல உள்ளாடை இல்லை. இருந்த ஒன்றும் நெகிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பசை தடவிய நாப்கினை அவள் பாவாடையிலா ஒட்டிக்கொள்வாள்? எங்களில் ஒருவருக்கும் அது முன்கூட்டித் தோன்றவில்லை. அன்றிலிருந்து உள்ளாடை இல்லாமல் நாங்கள் நாப்கின் கொடுப்பதில்லை.

ஆய்வுகளும் இதைத்தான் ஒட்டிப் போகின்றன. நேபாளத்தின் சித்வன் பகுதியில் மாணவிகளுக்கு மாதவிடாய்க் கோப்பை (ரத்தத்தைச் சேகரிக்க உடலுக்குள் பொருத்திக்கொள்ளும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிறிய கிண்ணம்) கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பெண்களுக்குக் கோப்பை பிடித்திருந்தது, துணி துவைக்கும் வேலை குறைந்தது. ஆனால் பள்ளி வருகை கிட்டத்தட்ட மாறவே இல்லை. 2016இல் உகாண்டாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் சில பள்ளிகளில் துவைத்துப் பயன்படுத்தும் நாப்கின் மட்டும், சிலவற்றில் பருவமடைதல் பற்றிய பாடம் மட்டும், சிலவற்றில் இரண்டும் கொடுத்தார்கள். எதுவும் பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டால் மூன்று வகைப் பள்ளிகளிலும் வருகை மேலாக இருந்தது. பாடம் மட்டும் கேட்டவர்களும் பின்தங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொருள் ஒரு பங்கு. விவரம், கழிப்பறை, வலிக்கு வழி, ஆசிரியரின் மனப்பாங்கு ஆகியவை மற்ற பங்குகள்.

மாதவிடாயால் எத்தனை மாணவிகள் பள்ளிக்கு வராமல் போகிறார்கள்?

உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆப்பிரிக்காவில் பத்தில் ஒரு மாணவி என்று மேடைக்கு மேடை சொல்லப்படும் கணக்குக்குக்கூட அடியில் உறுதியான அளவீடு இல்லை. வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்றுதான் இருக்கும். காரணம் இருக்காது. கேட்டால் காய்ச்சல் என்பாள்.

இதைவிட முக்கியமாக, வராத நாளை மட்டும் எண்ணினால் பாதிப் பிரச்சினை கணக்கிலேயே வராது. பள்ளிக்கு வந்துவிட்டு, கரும்பலகைக்கு அழைத்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள் பதிவேட்டில் 'வந்திருக்கிறாள்'. நாற்காலியில் கறை பட்டிருக்குமோ என்ற பயத்தில் எல்லோரும் போகும்வரை எழுந்திருக்காமல் காத்திருப்பவளும் 'வந்திருக்கிறாள்'. வலியோடு தேர்வு எழுதியவளின் மதிப்பெண்ணில் வலி தெரியாது. எனவே நாங்கள் மாணவிகளிடம் வேறு மாதிரி கேட்கிறோம்: போன மாதம் அந்த நாட்களில் பாதியில் வீட்டுக்குப் போனாயா? விளையாட்டு வகுப்பைத் தவிர்த்தாயா? பதில் தெரிந்தும் கை தூக்காமல் இருந்தாயா? கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் ஆமாம் என்கிறார்கள்.

எந்த வயதில் பேசத் தொடங்கலாம்?

முதல் மாதவிடாய்க்கு முன்னால். பெரும்பாலோருக்கு அது 12, 13 வயதையொட்டி வரும். 9 வயதில் வருவதும் உண்டு. ஆகவே 9 அல்லது 10 வயதில் எளிய மொழியில் சொல்லிவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் போய்ப் பேசினால் பாதிப் பேருக்கு அது பழைய செய்தி. அவர்கள் பயந்து அழுத நாள் ஏற்கெனவே முடிந்திருக்கும். எதிர்பாராமல் ரத்தத்தைப் பார்த்த சிறுமி முதலில் நினைப்பது, தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்பதுதான். எங்கள் குழுவில் உள்ள மூத்தவர்களில் மூன்று பேர் தங்கள் முதல் நாளை அப்படித்தான் நினைவுகூர்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகப் பள்ளிகளில் 39 சதவீதத்தில்தான் மாதவிடாய் பற்றிய பாடம் சொல்லித்தரப்படுகிறது. மிச்சப் பள்ளிகளில் தோழிதான் ஆசிரியை. அவளுக்குத் தெரிந்ததும் அரைகுறை.

பள்ளிக் கழிப்பறையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இதைக் கேட்கிறவர்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் உள்பக்கத் தாழ்ப்பாள். கட்டடம் புதிதாக இருக்கும், ஓடுகள் பளபளக்கும், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் மாணவிகள் மூன்று மூன்று பேராகக் கழிப்பறைக்குப் போவதைப் பார்த்தோம். அரட்டை அடிக்கப் போகிறார்கள் என்று ஆசிரியை கடிந்துகொண்டார். கூடவே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு: ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறாள், ஒருத்தி இருவரின் பைகளையும் சுமந்து நிற்கிறாள். பைக்குள் நாப்கின் இருப்பதால் அதை வகுப்பில் விட்டுவர முடியாது. உள்ளே மாட்டவும் கொக்கி இல்லை. ஒரு தாழ்ப்பாளும் ஒரு கொக்கியும் இருந்தால் இரண்டு பேர் வகுப்பில் இருந்திருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். அது கதவுக்கு உள்ளே இருக்க வேண்டும். பொதுக் குழாயடிக்கு வந்து எல்லோர் முன்னிலும் கை கழுவுவதற்குப் பதிலாக, மாற்றாமலேயே மாலை வரை ஓட்டிவிடுகிறார்கள். பிறகு சோப்பு, வெளிச்சம், மூடியுள்ள குப்பைத்தொட்டி. மேலே சொன்ன அதே அறிக்கை, மாணவிகள் கழிப்பறையில் இதற்கான தொட்டி வைத்திருக்கும் பள்ளிகள் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பாவாடையின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம், தோழியைக் கேட்க வேண்டியதில்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு பள்ளியில் மாணவிகள் கழிப்பறையின் சாவி ஆசிரியர் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அந்த ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவர் கணக்கு ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் மாணவிகள் சாவி கேட்கப் போகவே இல்லை. பூட்டைக் கழற்றச் சொன்னோம். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை, இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

வகுப்பில் ஆசிரியர் என்ன செய்யலாம்?

வெளியே போக வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டால் ஏன் என்று கேட்காமல் அனுப்பலாம். "இடைவேளையில் போயிருக்கக் கூடாதா?" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேரைப் பள்ளியை விட்டுத் துரத்தியிருக்கிறது. சில பள்ளிகள் ஒரு சிறிய அட்டையை மேசைமீது வைத்திருக்கின்றன, எடுத்துக்கொண்டு பேசாமல் போய்வரலாம். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்கிறார்கள். ஓரிருவர் பயன்படுத்துவார்கள்தான். அதற்காக மற்றவர்கள் நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

அலமாரியில் இரண்டு மாற்றுப் பாவாடைகள், ஒரு துண்டு, சில நாப்கின்கள் இருக்கட்டும். கறை பட்டால் பெரிதுபடுத்தாமல், ஒரு வார்த்தையில் முடித்துவிடுங்கள். சீருடையில் வெள்ளைப் பாவாடை கட்டாயம் என்ற விதியையும் பள்ளிகள் மறுபடி யோசிக்கலாம். மரபுக்குப் பேர்போன விம்பிள்டன் டென்னிஸே 2023 முதல் வீராங்கனைகள் வெள்ளை உடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை அணிய அனுமதித்துவிட்டது. அவர்களால் முடிந்தது பள்ளி நிர்வாகத்தால் முடியாதா என்ன?

பையன்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும். கறையைப் பார்த்துச் சிரிப்பவன் பெரும்பாலும் விவரம் தெரியாதவன். முதலில் மாணவிகளிடம் தனியாகப் பேசுவோம், பையன்களிடம் தனியாகப் பேசுவோம். பிறகு, மாணவிகள் சம்மதித்தால், இருவரையும் ஒன்றாக உட்காரவைப்போம். பையன்கள் முதல் பத்து நிமிடம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பேச்சை நிறுத்தாதீர்கள். ஒருமுறை சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "மாசாமாசம் வலிக்குமா?" ஆமாம் என்றோம். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

துணி, நாப்கின், கோப்பை: எது நல்லது?

மாணவியின் வீட்டில் எதற்கு வசதி இருக்கிறதோ அது. துணி என்றாலே அழுக்கு என்று சொல்லித்தருவது தவறு. சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் முழுக்கக் காயவைத்த பருத்தித் துணி நன்றாகவே பயன்படும். சிக்கல் துவைப்பதில் இல்லை, காயவைப்பதில் இருக்கிறது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று கட்டிலுக்கு அடியில், மற்ற துணிகளுக்குக் கீழே ஒளித்துக் காயவைத்தால் ஈரம் போகாது. ஈரத் துணி அரிப்பையும் புண்ணையும் தரும். கொடியில் மற்ற துணிகளோடு போட்டால் என்ன என்று கேட்டுப் பழக்க வேண்டும்.

நாப்கினோ துணியோ, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அதிகமாகப் போகும் நாட்களில் அதற்கும் முன்பே. அப்படியானால் பள்ளி நேரத்துக்குள் ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும் என்று ஆகிறது. கழிப்பறை பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது இதனால்தான். உள்ளே பொருத்தும் டாம்பனை 8 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அரிதாக, நச்சு அதிர்ச்சி நோய் என்ற ஆபத்தான தொற்று வரலாம். மாதவிடாய்க் கோப்பையை 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும், அதற்கு வீட்டில் ஒரு தனிப் பாத்திரமும் யாரும் கேள்வி கேட்காத பத்து நிமிடமும் வேண்டும்.

நாப்கின் நிறுவனங்கள் இலவசமாக வகுப்பெடுக்க வருவதுண்டு. வரட்டும். ஆனால் மற்ற வழிகளையும் சொல்வீர்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுவலிக்கு என்ன செய்வது? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கருப்பையின் உட்படலம் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து கருப்பைத் தசையைச் சுருக்குகிறது. வலி அதனால் வருகிறது. கற்பனையில்லை, சோம்பலுமில்லை. அடிவயிற்றில் சுடுநீர்ப் பை வைப்பதும் லேசாக நடப்பதும் பலருக்கு உதவும். ஐபுப்ரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதையே குறைப்பதால் நன்கு வேலை செய்யும். ஆனால் எவ்வளவு, யாருக்குக் கூடாது என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் மாத்திரை விநியோகிப்பதில்லை.

"எல்லோருக்கும் இருப்பதுதானே, பொறுத்துக்கொள்" என்ற பேச்சால் எத்தனையோ நோய்கள் கண்டறியப்படாமல் தள்ளிப்போகின்றன. மாதந்தோறும் பள்ளியை விடவைக்கும் அளவுக்கு வலி, மணிக்கொரு நாப்கின் என்று தொடர்ந்து நனைவது, 7 நாளுக்கு மேல் நீடிக்கும் ரத்தப்போக்கு, 15 வயதாகியும் தொடங்காதது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), ரத்தம் உறையாமை சார்ந்த குறைபாடுகள் போன்றவை இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அதிகப் போக்குள்ள மாணவி எப்போதும் களைப்பாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவும் இருக்கக்கூடும். தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் தேதி முன்பின்னாக வருவது சாதாரணம். அந்த வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளி வரை இயல்புதான்.

அந்த நாட்களில் விளையாடலாமா? தலைக்குக் குளிக்கலாமா?

விளையாடலாம். குளிக்கலாம். முடியவில்லை என்றால் ஓய்வெடுக்கலாம். முடிவு அவளுடையது.

பயன்படுத்திய நாப்கினை என்ன செய்வது?

கழிப்பறைக்குள் போடக்கூடாது. உறிஞ்சும் பொருள் தண்ணீரில் ஊதிக் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்கும் செலவைப் பார்த்ததும் நிர்வாகம் மாணவிகள்மேல் எரிந்து விழும், அடுத்த வாரம் கழிப்பறைக்கே பூட்டு விழும். காகிதத்தில் சுற்றி மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும்.

அந்தத் தொட்டியை யார் காலி செய்கிறார்கள் என்று யாருமே எங்களைக் கேட்டதில்லை, நாங்களாகச் சொல்கிறோம். துப்புரவுப் பணியாளர்தான். அவருக்குக் கையுறை வேண்டும், தொட்டிக்குள் விரிக்கப் பை வேண்டும், தினமும் எடுத்துச்செல்ல ஓர் இடம் வேண்டும். நாப்கினை எரிக்கும் எரிப்பான் இயந்திரம் வாங்கிக் கொடுக்கத்தான் பலருக்கும் ஆசை, பெயர்ப்பலகை மாட்டலாம் அல்லவா. ஆனால் நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது. போதிய வெப்பம் இல்லாத சின்ன எரிப்பானில் அது நச்சுப் புகையாகும். உள்ளூராட்சியின் குப்பைச் சேகரிப்போடு இணைக்க முடிந்தால் அதுவே மேல்.

மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு வேறு ஏற்பாடு தேவையா?

தேவை, பெரும்பாலும் மறக்கப்படுகிறது. சக்கர நாற்காலி உள்ளே நுழைந்து திரும்பும் இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, கை எட்டும் உயரத்தில் தொட்டி. பார்வையற்ற மாணவிக்குப் படம் காட்டிப் பயனில்லை. நாப்கினைக் கையில் கொடுத்து, பசைப் பக்கம் எது என்று விரலால் தடவிப் பார்க்கவிட வேண்டும், உள்ளாடையில் ஒட்டிப் பழகவிட வேண்டும். அறிவு வளர்ச்சி மெதுவாக உள்ள சிறுமிக்கு ஒரே விஷயத்தைப் பல நாள், ஒரே வரிசையில், அவள் நம்பும் ஒருவர் சொல்லித்தர வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு அவளுக்குப் போதாது.

பெற்றோர் எதிர்த்தால்?

மாணவிகளைச் சந்திப்பதற்கு முன் அம்மாக்களைச் சந்தித்துவிடுங்கள். என்னென்ன பேசப்போகிறோம் என்று அதே படங்களை அவர்களுக்கே காட்டிவிடுங்கள். எதிர்ப்பில் பெரும்பகுதி, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாததால் வருவது. கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாவாவது ஓரமாக வந்து தன் சொந்தச் சந்தேகத்தைக் கேட்பார். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

மே 28 அன்று மட்டும் நிகழ்ச்சி நடத்தினால் போதுமா?

வாஷ் யுனைடெட் என்ற ஜெர்மன் அமைப்பின் முயற்சியால் 2014 முதல் மே 28 மாதவிடாய் சுகாதார தினமாக அனுசரிக்கப்படுகிறது. சராசரியாக 5 நாள் போக்கு, 28 நாள் சுழற்சி என்பதால் ஐந்தாம் மாதத்தின் 28ஆம் நாள். நல்ல யோசனை. ஆனால் மாதவிடாய் ஆண்டுக்கொருமுறை வருவதில்லையே.

நான் பணமோ பொருளோ தர விரும்புகிறேன். எதைத் தரலாம்?

ஆயிரம் பேருக்கு ஒரு பாக்கெட் தருவதைவிட, ஒரு பள்ளிக்கு ஓர் ஆண்டு முழுவதும் தடையில்லாமல் தருவது மேல். ஒரு மாதம் நாப்கின், மறுமாதம் பழைய துணி என்று அலையவிடுவது கொடுக்காமல் இருப்பதைவிடச் சங்கடம். சோப்பு, உள்ளாடை, தாழ்ப்பாள், வாளி இவற்றுக்குப் பணம் தர யாரும் முன்வருவதில்லை, ஆகவே அவற்றைக் கேட்கிறோம். மாணவி கையில் பாக்கெட்டைக் கொடுத்துப் படம் எடுக்க அனுமதிப்பதில்லை. அந்தப் படம் யார் யார் கைக்குப் போகும் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

நீண்ட நாள் வழி, பள்ளியின் சொந்தச் செலவுக் கணக்கில் இது ஏறுவதுதான். கென்யா 2017இல் பள்ளி மாணவிகளுக்கு அரசே இலவச நாப்கின் தரச் சட்டம் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 2020இல் நிறைவேறிய சட்டம் 2022 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பள்ளி, கல்லூரிகளில் மட்டுமின்றிப் பொது இடங்களிலும் தேவைப்படுகிற எவருக்கும் இலவசமாகக் கிடைக்க உள்ளாட்சி அமைப்புகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது.

வகுப்பில் கேள்விப் பெட்டி ஒன்று வைக்கிறீர்களாமே, அதில் என்ன வருகிறது?

பெயர் எழுதாமல் சீட்டுப் போடும் ஒரு காலி அட்டைப்பெட்டி. கேள்வி இல்லாதவர்களும் வெற்றுச் சீட்டு மடித்துப் போட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் யார் எழுதினார்கள் என்று தெரியாது. "உடம்பில் உள்ள ரத்தம் தீர்ந்துபோகாதா?" என்பது ஒவ்வொரு பள்ளியிலும் வரும். ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சராசரியாகப் போவது 30, 40 மில்லிதான், இரண்டு மூன்று மேசைக்கரண்டி. அதை அளந்து ஒரு டம்ளரில் சிவப்புச் சாயத் தண்ணீராக ஊற்றிக் காட்டுவோம். "இவ்வளவுதானா!" என்று வகுப்பே மூச்சுவிடும். "என்னிடமிருந்து வாடை வருவது பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியுமா?" என்றும் வரும். அடிக்கடி மாற்றினால் தெரியாது. சில சீட்டுகளில் கேள்வி மாதவிடாய் பற்றியதாக இருக்காது, யாரோ தொடுவது பற்றியதாக இருக்கும். அதற்கு வகுப்பில் பதில் சொல்லக்கூடாது. யாரிடம் உதவி கேட்கலாம் என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.

வேலை நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோப்பு கரைகிறதா, தொட்டி நிறைகிறதா என்று பாருங்கள். ஒரு பள்ளியில் அவசரத்துக்கென்று நாங்கள் வைத்த நாப்கின் பெட்டி இரண்டு மாதமாகக் குறையவே இல்லை. தேவையே இல்லை போலிருக்கிறது என்றார் தலைமையாசிரியை. பெட்டி இருந்தது அவருடைய மேசைமேல். அதைக் கழிப்பறைச் சுவரில் மாட்டவைத்தோம். ஒரே வாரத்தில் காலி. திருட்டு என்று பேச்சு எழுந்தது. மறுபடி நிரப்பினோம், மறுபடி காலி. வீட்டில் தங்கைக்கும் எடுத்துப் போயிருப்பார்கள், நாளை கிடைக்காமல் போய்விடுமோ என்று சேர்த்தும் வைத்திருப்பார்கள். மூன்றாவது முறை நிரப்பியபோது, எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டதுபோலும், மெல்லத்தான் குறைந்தது. இப்போது மாதத்துக்கு எத்தனை பாக்கெட் என்று அந்தப் பள்ளியே தன் கொள்முதல் பட்டியலில் எழுதுகிறது, சாக்பீஸுக்கு அடுத்த வரியில்.